அடங்காப் பிள்ளையும் அறியாத நோயும்

ஊருக்கு ஊர் ஓர் 'அடங்காப் பிள்ளை' உண்டு. வகுப்பில் கடைசி வரிசை அவனுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். தலைமையாசிரியர் அறையின் வாசல் அவனுக்கு நன்கு பழகிய இடம். உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அவனை அழைத்துச் செல்லத் தாய் தயங்குவாள். முரடன், திமிர் பிடித்தவன், பிடிவாதக்காரி, சோம்பேறி என்று இத்தகைய பிள்ளைகளுக்கு நாம் சூட்டும் பெயர்கள் பல. இந்தப் பெயர்கள் எல்லாம் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லுகின்றன. ஏன் செய்கிறார்கள் என்பதைச் சொல்லுவதில்லை. அந்த 'ஏன்' என்ற கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். பிள்ளைகளின் தொல்லை தரும் நடத்தைக்குப் பின்னே சில வேளைகளில் மனநோய் மறைந்து நிற்கிறது. சில வேளைகளில் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு நிற்கிறது. சில வேளைகளில் வீட்டின் துயரம் நிற்கிறது. எது என்று அறியாமல் தண்டிப்பது, காய்ச்சல் கண்ட குழந்தையை உடம்பு ஏன் சுடுகிறது என்று கேட்டு அடிப்பதற்கு ஒப்பாகும்.

இந்தப் பொருளை எங்கோ தொலைவில் வைத்துப் பேச வேண்டியதில்லை. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வரும். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் திரும்பினால் ஒரகடம். இராமாநுசர் பிறந்த ஊரென்றும், வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் செல்லும் வழியென்றும் முன்னோர் அறிந்திருந்த நிலம் இது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் நோக்கியா நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசிகள் செய்யத் தொடங்கி, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் பெரிய விடுதி திறக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலத்தில் வயல்வெளி தொழில்வெளி ஆயிற்று. தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்கே வந்து குடியேறினார்கள். கூலி வந்தது, அதனோடு ஷிப்டும் வந்தது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று வேலை நேரம் மாற மாற, வீட்டின் உணவு நேரமும் உறக்க நேரமும் மாறுகின்றன. விளக்கணையாத இந்த ஊர்களில் குழந்தைகளும் வளர்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தை நாம் மனத்தில் அமைத்துக்கொள்வோம். அங்கே அடங்காதவர்கள் என்று பெயரெடுத்த ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவன் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டான்; கேள்வி முடியுமுன் விடை சொல்லுவான்; நாளொன்றுக்கு ஒரு பென்சில் தொலைப்பான். இரண்டாமவன் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை வீசி எறிவான். மூன்றாமவள் சிறுமி, காலையில் பள்ளிக்குப் புறப்படும்போதெல்லாம் கதறுவாள், உதைப்பாள். நான்காமவள் பத்தாம் வகுப்பு மாணவி. நேற்றுவரை நன்றாகப் படித்தவள், இன்று எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். ஐந்தாமவன் பேச்சு வராதவன். திடீரென்று தன் கையையே கடித்துக்கொள்வான். ஆறாமவன் யாரேனும் தோளைத் தொட்டால் திரும்பிப் பாராமல் ஓங்கி அடிப்பான்.

ஆறு பேருக்கும் ஒரே பெயர். ஆனால் ஆறு காரணங்கள் இருக்கக்கூடும்.

முதலாமவனிடம் காணப்படுவது, மருத்துவ நூல்கள் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று வழங்கும் நிலையாக இருக்கலாம். உலகெங்கும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குழந்தைகளுக்கு இது உண்டு. கவனத்தைத் தாங்கி நிறுத்துவதும், எழும் உந்துதலைத் தடுப்பதும் மூளையின் தொழில்கள். அந்தத் தொழில்கள் இவனிடம் மெல்ல முதிர்கின்றன. பெரும்பாலும் இது குடிவழியாக வருவது. இவன் கேளாதவன் அல்லன். கேட்டதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாதவன். முன்வரிசையில் அமர்த்துதல், வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துத் தருதல், எழுந்து நடக்க வாய்ப்பளித்தல் ஆகியவை இவனுக்குத் துணை செய்யும். சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

இரண்டாமவன் கோபக்காரன் போலத் தோன்றுகிறான். உண்மையில் அவன் வெட்கப்படுகிறவன். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் அவன் மூளைக்குத் தனி இடர் இருக்கலாம். டிஸ்லெக்சியா என்று சொல்லப்படும் கற்றல் குறைபாடு அது. அறிவு குறையாதவனாகவே இருப்பான். கணக்கையோ கருவியையோ தந்தால் வகுப்பை முந்துவான். எல்லாரும் பார்க்கத் தடுமாறி வாசிப்பதைவிட, புத்தகத்தை எறிந்துவிட்டு வெளியே நிற்பது அவனுக்கு எளிது. முட்டாள் என்ற பெயரைக் காட்டிலும் முரடன் என்ற பெயர் அவனுக்கு மேலாகத் தோன்றுகிறது. இவனை வகுப்பை விட்டு வெளியே அனுப்புவது தண்டனை ஆகாது; அவன் வேண்டியதையே நாம் தருகிறோம்.

மூன்றாம் சிறுமிக்கு வந்திருப்பது பதற்ற நோய். தாய் விடியுமுன்னே கம்பெனிப் பஸ்ஸில் போய்விடுகிறாள். திரும்பி வருவாளோ மாட்டாளோ என்ற அச்சம் குழந்தையின் நெஞ்சை அழுத்துகிறது. அந்த அச்சத்தைச் சொல்லச் சொற்கள் இல்லை. எனவே வயிற்று வலியாகவும் கதறலாகவும் அது வெளிப்படுகிறது. பயந்த விலங்கு ஓடும், ஓட வழியில்லையேல் பாயும் என்பதை நாம் அறிவோம். பயந்த குழந்தையும் அவ்வாறே. பள்ளிக்கே அனுப்பாமல் விட்டால் அன்றைய அச்சம் தணியும்; மறுநாளைய அச்சம் இரட்டிக்கும். சிறிது சிறிதாகப் பழக்கி அழைத்து வருவதே இதற்கு உரிய சிகிச்சை.

நான்காம் பெண்ணைப் பற்றி நாம் மிகுந்த விழிப்போடு இருக்க வேண்டும். மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டிருக்கும் முகமே நம் நினைவுக்கு வரும். ஆனால் இளம் பருவத்தில் அந்த நோய் சோகமாக வருவதைப் போலவே எரிச்சலாகவும் வரும். தூக்கம் கெடுதல், பசி மாறுதல், விருப்பமான விளையாட்டும் கசத்தல், தன்னைப் பயனற்றவள் என்று எண்ணுதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது வெறும் கோபமன்று. 'செத்துப்போனால் நன்றாயிருக்கும்' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தால், அதை மிரட்டல் என்று தள்ளிவிடக்கூடாது. அன்றைக்கே ஒரு பெரியவர் அருகிருந்து கேட்க வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஐந்தாமவனுக்கு இருப்பது ஆட்டிசம். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளின் வரலாற்றை எழுதி, இந்த நிலையை மருத்துவ உலகுக்கு எடுத்துக் காட்டினார். தாயின் அன்புக் குறைவால் இது வருகிறது என்று பின்வந்த சிலர் எழுதியது பல்லாயிரம் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அக்கருத்து தவறென்று ஆராய்ச்சிகள் நிலைநாட்டியுள்ளன. பேச்சில்லாத இந்தச் சிறுவன் கையைக் கடிக்கும்போது, முதலில் பார்க்க வேண்டியது அவனுடைய காதையும் பல்லையும் வயிற்றையும். வலிக்கிறது என்று சொல்ல அவனிடம் உள்ள மொழி அது ஒன்றாகவே இருக்கலாம். பள்ளி மணியின் ஓசையோ, காலைக் கூட்டத்தின் இரைச்சலோ அவனுக்குத் தாங்க முடியாத துன்பமாகவும் இருக்கலாம்.

ஆறாமவன் வீட்டில் இரவு என்றால் குடியும் அடியும். தந்தையின் காலடி ஓசையை வைத்தே அன்றைய இரவின் நிலையைக் கணிக்க அவன் கற்றிருக்கிறான். எப்போதும் போருக்கு ஆயத்தமாக நிற்கும் படைவீரனைப் போல அவன் உடம்பு விறைத்து நிற்கிறது. நண்பன் விளையாட்டாகத் தொட்ட கையும் அவனுக்குத் தாக்க வந்த கையாகவே தெரிகிறது. இவனை மேலும் அடித்துத் திருத்த முயல்வது, உலகம் அடிக்கும் இடம் என்று அவன் கொண்ட எண்ணத்துக்குச் சான்று சேர்ப்பதாகும்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, குறும்பு செய்யும் பிள்ளைகள் அனைவரும் நோயாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். குறும்பு குழந்தைமையின் உடைமை. நோய் என்று ஐயுறுவதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. நடத்தை பல மாதங்களாக நீடிக்கிறதா? வீடு, பள்ளி, விளையாட்டிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுகிறதா? படிப்பையும் நட்பையும் குடும்ப வாழ்வையும் கெடுக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை 'ஆம்' என்றால் வல்லுநரை நாட வேண்டும். இளம் பிராயத்து மனச்சோர்வைப் போன்ற சிலவற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. நோயின் பெயரைச் சொல்லும் உரிமை உங்களுக்கும் எனக்கும் இல்லை. அது முறையாகப் பயின்ற மருத்துவருக்கும் உளநூல் வல்லுநருக்கும் உரியது. ஐயுற்றுக் கேட்கும் கடமை மட்டும் நம் எல்லாருக்கும் உண்டு.

இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? 2005இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வு ஒன்று, 16 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதைக் கண்டது. 2015, 2016 ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 7.3 பேர் என்று கணக்கிட்டது. நாற்பது மாணவர் அமரும் வகுப்பறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதில் மூவராவது இந்தக் கணக்குக்குள் வருவர்.

தண்டனையிலிருந்து காரணத்தை நோக்கி உலகம் நடந்த வழி நீண்டது. 1876இல் இந்தியாவில் சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டம் வந்தது. குற்றம் செய்த சிறுவரைச் சிறையில் அடைக்காமல் பள்ளியில் வைக்கலாம் என்ற அளவில் அது ஒரு முன்னேற்றம். ஆனால் அச்சிறுவர் ஏன் அவ்வாறு ஆனார்கள் என்று அது கேட்கவில்லை. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாமலே தம்மை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். ஒழுக்கக் கேடு என்று உலகம் சொன்னதற்கு உடற்காரணம் இருக்கலாம் என்று அவர் எண்ணினார். 1909இல் சிகாகோவில் வில்லியம் ஹீலி, சிறார் நீதிமன்றத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே ஆராயும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நம் நாட்டில், சென்னை மாகாணம் 1920இல் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. 1937இல் பம்பாயில் டாட்டா சமூகப் பணிப் பள்ளியில் குழந்தை வழிகாட்டு நிலையம் தோன்றியது. அடிப்பவர் கையிலிருந்து கேட்பவர் கைக்குப் பிள்ளை மெல்ல மெல்ல வந்து சேர்ந்தான்.

முழுவதும் வந்து சேர்ந்துவிட்டானா? இந்தத் தொழிற்பகுதிக்கு அண்மையிலுள்ள செங்கற்பட்டில், அரசு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2022ஆம் ஆண்டின் இறுதி நாளில் இறந்தான். அவனைத் தாக்கியதாக இல்லத்தின் ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன்பின் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழுவை 2023இல் அமைத்து, இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராயச் செய்தது. சட்டம் மாறி நூறாண்டு கடந்த பின்னும் கை மாறாமல் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

இனி, இந்தத் தொழிற்பகுதிக்கு நேரே பொருந்தும் ஓர் ஆராய்ச்சியைச் சொல்லுகிறேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைப்பகுதியில் ஜேன் காஸ்டெல்லோ என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 1993 முதல் 1,420 குழந்தைகளை ஆண்டுதோறும் கவனித்து வந்தார்கள். அங்கே செரோக்கி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1996இல் அவர்கள் நிலத்தில் ஒரு கேளிக்கை மாளிகை திறக்கப்பட்டது. அதன் இலாபத்தில் ஒரு பங்கு அம்மக்கள் அனைவருக்கும் கிடைத்தது. பல குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன. மீண்ட குடும்பங்களின் பிள்ளைகளிடம் எதிர்த்துச் சீறுதல், சண்டை, திருட்டு முதலிய நடத்தைக் கோளாறுகள் குறைந்து, என்றுமே வறுமை அறியாத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டன. ஆனால் பதற்றமும் மனச்சோர்வும் குறையவில்லை. 2003இல் வெளிவந்த இந்த முடிவில் நாம் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு. எல்லாக் கோளாறுகளும் ஒரே வேரிலிருந்து முளைப்பதில்லை என்பது ஒன்று. பணம் எவ்வழியாகப் பிள்ளைகளைத் திருத்தியது என்பது மற்றொன்று. அவர்கள் ஆராய்ந்து கண்ட விடை இது: வறுமை நீங்கிய பெற்றோருக்குத் தம் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள நேரம் கிடைத்தது.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். நம் தொழிற்பகுதியிலும் பல வீடுகளுக்குப் பணம் வந்திருக்கிறது. அதனோடு நேரமும் வந்ததா? பணம் வந்த அதே பஸ்ஸில் பெற்றோரின் நேரம் ஏறிப் போய்விடவில்லையா? இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தை பகலில் உறங்குகிறார். பிள்ளை ஓசையின்றி இருக்க வேண்டும். தாய் மாலை ஷிப்டுக்குப் போகும் வாரத்தில், பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் கைப்பேசி ஒன்றே துணை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேர உறக்கம் வேண்டும். உறக்கம் குறைந்த குழந்தை சோர்ந்து விழுவதில்லை; துள்ளுகிறது, சிணுங்குகிறது, முரண்டு பிடிக்கிறது. இதைச் சொல்வது வேலைக்குப் போகும் தாய்மீது பழி சுமத்துவதற்காக அன்று. அவள் உழைப்பால்தான் அந்த வீட்டில் விளக்கு எரிகிறது. குழந்தையின் தேவையைக் கணக்கில் கொண்டு ஷிப்டை வகுப்பதும், தொழிற்சாலைக்கு அருகில் நல்ல குழந்தைக் காப்பகம் அமைப்பதும், பெற்றோர் பள்ளிக்குச் சென்றுவர விடுப்பு அளிப்பதும் மனநல மருத்துவத்தைச் சேர்ந்தவையே என்பதற்காகச் சொல்லுகிறேன்.

களைத்த வீட்டில் நிகழும் இன்னொன்றை ஜெரால்டு பாட்டர்சன் என்ற அமெரிக்க உளநூலார் பல குடும்பங்களை நேரில் கவனித்து விளக்கினார். பிள்ளை ஒன்றைக் கேட்டுக் கத்துகிறான். தாய் மறுக்கிறாள். அவன் இன்னும் உரக்கக் கத்துகிறான். களைத்த தாய், தொல்லை விட்டால் போதும் என்று கொடுத்துவிடுகிறாள். அந்த நொடியில் இருவரும் ஒவ்வொரு பாடம் கற்கிறார்கள். உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்கிறான்; கொடுத்துவிட்டால் ஓசை அடங்கும் என்று தாய் கற்கிறாள். நாள்தோறும் இந்தப் பாடம் வளர்ந்து, பத்து வயதில் எதிர்ப்பாகவும் பதினைந்து வயதில் வன்முறையாகவும் முற்றுகிறது. நல்லதைச் செய்யும்போது கவனித்துப் பாராட்டுவதும், சொன்ன சொல்லில் அமைதியாக நிற்பதும் இதற்கு மருந்து. பெற்றோர்க்கு இதைப் பயிற்றுவிக்க முடியும்; பயிற்றுவித்த இடங்களில் பயன் கண்டிருக்கிறார்கள்.

காரணத்தைக் கண்டறிவது எப்படி? கார் தொழிற்சாலைகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. உற்பத்தி வரிசையில் பிழை கண்ட தொழிலாளி உடனே அடையாளம் காட்டுவார், விளக்கு எரியும், பிழை எங்கே தொடங்கியது என்று பின்னோக்கித் தேடுவார்கள். பிழைபட்ட உறுப்பை யாரும் திட்டுவதில்லை. இரும்புக்குக் காட்டும் இந்த நிதானத்தைக் குழந்தைக்கும் காட்டலாம். வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவருக்கு வகுத்த முறையும் இதுவே: நோயைத் தெளிந்து, அதன் முதலைத் தேடி, பிறகே தணிக்கும் வழியைக் காண்பது. ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். நடத்தைக்கு முன் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தான்? அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது? இரண்டு வாரம் எழுதினால் போதும். மறைந்திருந்த ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். 1985இல் எட்வர்டு கார், மார்க் டுராண்டு என்னும் இருவர், வளர்ச்சிக் குறையுள்ள சில பிள்ளைகளிடம் இவ்வாறு ஆராய்ந்தார்கள். கடினமான பாடத்திலிருந்து தப்பவும், ஆசிரியரின் கவனத்தைப் பெறவும் அப்பிள்ளைகள் தொல்லை செய்வதைக் கண்டார்கள். 'எனக்கு உதவி வேண்டும்' என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததும் தொல்லை பெரிதும் குறைந்தது. சொல் வந்த இடத்தில் அடி தேவைப்படவில்லை.

ஒருவர் கண்ணால் மட்டும் பார்ப்பதும் போதாது. 1964, 1965 ஆண்டுகளில் இங்கிலாந்தின் வைட் தீவில் மைக்கேல் ரட்டர் குழுவினர் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் ஆராய்ந்தபோது, பெற்றோர் குறிப்பிட்ட பிள்ளைகளும் ஆசிரியர் குறிப்பிட்ட பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறாக இருந்தார்கள். வீட்டில் வாடும் பிள்ளை பள்ளியில் அமைதியாகத் தோன்றலாம். பள்ளியில் சீறும் பிள்ளை வீட்டில் பசுவாக இருக்கலாம். ஆகவே இரு தரப்பும் கூடிப் பேசினால்தான் முழு உருவம் தெரியும். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியும் தமிழாசிரியரும் பேசிக்கொள்ள ஒரு மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். தாய்மொழி புரியாத வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவனின் மௌனத்தையோ முரண்டையோ கண்டு, அவனுக்கு அறிவு குறைவு என்று முடிவு செய்துவிடக்கூடாது.

உதவி பெற வேண்டிய இடங்கள் தொலைவில் இல்லை. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் காணலாம். 2013 முதல் நடந்துவரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். சென்னையில் எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையும், 1794இல் தோன்றிய பழைய மருத்துவ விடுதியின் வழிவந்த கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையோர்க்குப் பயிற்சி அளிக்கிறது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையை எந்நேரமும் தமிழிலேயே பெறலாம். துன்புறும் குழந்தைக்காக 1098 என்ற எண் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் மனநோயையும் ஏற்றுக்கொண்டு உரிமைகள் தருகிறது.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளைக்கு ஆசிரியராகலாம். ஒரகடத்து ஆலை ஒன்றில் ஷிப்டு வகுக்கும் பொறியாளராகலாம். தாயாகவோ தந்தையாகவோ ஆவீர்கள். இன்றைக்கே நீங்கள் ஒருவனுக்கு வகுப்புத் தோழர். கடைசி வரிசையில் இருப்பவனைப் பட்டப்பெயர் சொல்லி அழையாதிருப்பது உங்களால் ஆகும். மதிய உணவு வேளையில் அவன் அருகே போய் உட்காருவது உங்களால் ஆகும். சாவைப் பற்றிப் பேசிய தோழியின் சொல்லை, இரகசியம் என்று அவள் கேட்டுக்கொண்டாலும், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லுவது உங்களால் ஆகும். அது நட்புத் துரோகம் அன்று.

திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி நின்று, தமக்குக் கிடைத்த மறைபொருளை ஊரெல்லாம் கேட்கச் சொன்னார் இராமாநுசர் என்று மரபு கூறும். அவர் பிறந்த மண்ணில் மனநோய் இன்னும் பல வீடுகளில் மூடிவைத்த செய்தியாகவே இருக்கிறது. 'மருத்துவரிடம் போனால் நாளைக்குப் பெண் எடுப்பார்களா, பெண் கொடுப்பார்களா?' என்ற அச்சம் பிள்ளையின் சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்ட அந்த ஆண்டுகளில் படிப்பு நின்றுபோகிறது, பெயர் கெட்டுப்போகிறது, சில வேளைகளில் உயிரே போய்விடுகிறது. அடங்காத பிள்ளையைக் காணும்போது அவன்மேல் ஓங்கும் கை சற்றே தயங்கட்டும். 'உனக்கு என்ன கேடு?' என்ற சினம் அடங்கி, 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்ற கேள்வி பிறக்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை அருகில் அமர்ந்திருக்கும் பொறுமை உள்ள ஒரு பெரியவர் ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு வீட்டிலும் கிடைத்துவிட்டால், நான் சொன்ன அந்த ஆறு பிள்ளைகளில் பலர் மீண்டு வருவார்கள்.